ஈரச் சாக்ஸுக்கு ஒரு பொறுப்புள்ள பெரியவர்

1

“அப்பா, நீங்க ஒரு பொறுப்புள்ள பெரியவரா?”

என் மகள் அகிலா இப்படிக் கேட்டபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி ஜெயந்தி இதே கேள்வியைக் கேள்விக்குறி இல்லாமல் கேட்டுவருகிறாள் என்பதால் எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. யார் கேட்கிறார்கள் என்றேன். பார்காரர்கள் கேட்கிறார்கள் என்றாள். அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். நாங்கள் இருக்கும் ஷெஃபீல்ட் நகரத்தின் நடுவில், பழைய இரும்புப் பட்டறை ஒன்றை பாராக மாற்றியிருக்கிறார்கள். சுவரோரம் முழுக்க எண்பதுகளின் வீடியோ கேம் மெஷின்கள். பின்பக்கம், கட்டில் அளவுக்குச் சற்றுப் பெரிதாக ஒரு மேடை. உள்ளூர்ப் பிள்ளைகள் கிட்டார் வாசித்துச் சொந்தப் பாட்டுப் பாடுவார்கள். அகிலாவும் அவள் பள்ளித் தோழர்கள் மூன்று பேரும் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். குழுவின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘ஈரச் சாக்ஸ்’. இதைவிட மோசமான பெயர்களையெல்லாம் நகரத்தின் மற்ற குழுக்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன என்று விளக்கம் சொன்னாள். அவள் வாசிப்பது பேஸ் கிட்டார்.

முதல் நிகழ்ச்சி. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. நான்கு பேருக்கும் பதினேழு வயது என்பதால், பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் கூடவே வந்து இருக்க வேண்டும், எட்டு மணிக்கு எல்லோரையும் வெளியே கூட்டிப் போய்விட வேண்டும் என்பது அந்த பாரின் விதி. டிரம்ஸ் அடிக்கும் பெண்ணின் அம்மாவுக்கு அன்று வேலை. பாடும் பெண்ணின் பெற்றோர் வெயில் தேடி ஸ்பெயினுக்குப் போயிருக்கிறார்கள். கிட்டார் பையனின் அப்பா பொதுவாகவே எதற்கும் வருவதில்லை. ஜெயந்திக்கு மருத்துவமனையில் பிற்பகல் ஷிப்ட். வடிகட்டியதில் நான் மிஞ்சினேன்.

“நீங்க வரணும். ஆனா ஸ்டேஜ் பக்கம் வரக்கூடாது. கேம் மெஷின் பக்கமா நில்லுங்க.”

“நின்னு?”

“பொறுப்பா இருங்க.”

கோடைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. அதனால்தான் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. வீட்டில் அவளுக்கு ஓர் அறை, அதற்கு ஒரு கதவு, அது சாத்தியே இருக்கும். உள்ளே இருப்பதற்கு அடையாளம், சுவர் வழியாக வரும் பேஸ் கிட்டாரின் உறுமல் மட்டும். மனசு சரியாக இருந்தால் நாலைந்து சுரம் மாறி மாறி வரும். கோபமென்றால் ஒரே சுரம். சில அப்பாக்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதை நான் சுவரில் காது வைத்துத் தெரிந்துகொள்கிறேன்.

அடுத்த மாதம் அவளுக்குப் பதினெட்டு. அதன் பிறகு எந்த பாரும் எந்த விதியும் என்னைக் கேட்காது. சட்டப்படி நான் தேவைப்படும் முதல் நிகழ்ச்சியும் கடைசி நிகழ்ச்சியும் இதுதான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே மீதிப் பாத்திரத்தைக் கழுவி முடித்தேன்.

2

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘இரவு வாழ்க்கை’ என்ற சொல்லை இங்கே வந்துதான் கேள்விப்பட்டேன். ஆனால் எங்கள் ஊரான போடியில் அது எங்களுக்கு இருந்திருக்கிறது, பெயர் தெரியாமல் அனுபவித்திருக்கிறோம்.

சாயங்காலம் போடிமெட்டிலிருந்து ஜீப்புகள் இறங்கும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு விதி உண்டு, எத்தனை பேர் இறங்கினார்கள் என்பதற்கு இல்லை. எஸ்டேட்டில் ஏலப்பழம் எடுத்துவிட்டு வரும் பெண்கள் தூக்குச்சட்டியோடு இறங்கி, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக டிரைவரைத் திட்டிவிட்டுப் போவார்கள். பரோட்டாக் கல்லில் தட்டு விழும் சத்தம் ஆரம்பிக்கும். அதுதான் எங்களுக்கு மணி அடித்த மாதிரி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஏலக்காய் குடோன், அதன் மாடியில் ஒரு வீடியோ கேம் கடை. மூன்று மெஷின். கீழே மூட்டை மூட்டையாக ஏலக்காய், மேலே வேற்றுக்கிரகத்து ஆட்கள். உலகத்திலேயே பாயச வாசனையோடு விண்வெளிப் போர் நடந்த இடம் அது ஒன்றுதான் இருக்கும்.

அங்கேதான் சேது பழக்கமானான். பகலில் அவன் அவர்கள் வீட்டு ஜீப்பில் எஸ்டேட்டுக்கு ஆள் லோடு அடிப்பான். சாயங்காலம் ‘ஏலராணி மெல்லிசைக் குழு’வில் டிரம் செட். ரெண்டு வேலைக்கும் ஒரே வேகம். அவன்தான் என்னைக் குழுவில் சேர்த்தான், அறிவிப்பாளனாக. பாடவும் ஆசை இருந்தது. ஒரு முறை ஒத்திகையில் பாடியும் காட்டினேன். “மாப்ளே, நீ பாடாத வரைக்கும் நல்ல பாடகன்டா” என்று சொல்லி மைக்கை வாங்கி வைத்துவிட்டான்.

எங்களை ‘நிறுத்தாதீர்கள்’ என்று கெஞ்சிய ரசிகர்கள் ஒரே ஒரு ஊரில்தான் இருந்தார்கள். தேவாரத்தில். திருவிழா முடிந்து நாங்கள் மூட்டை கட்டும்போது, மக்காச்சோளம் போட்டிருந்த சம்சாரிகள் வந்து, சத்தம் இருந்தால் யானை இறங்காது, இன்னும் கொஞ்சம் வாசியுங்கள் என்றார்கள். வாசித்தோம். யானை இறங்கியது. காட்டோரம் நின்று காதை ஆட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, பொறுமையாகச் சோளம் தின்றுவிட்டுப் போனது. அறிவிப்பாளன் என்ற முறையில் அதை வரவேற்றுப் பேசும்படி சேது என்னைக் கேட்டுக்கொண்டான்.

3

சனிக்கிழமை. பார் வாசலில் மலை மாதிரி ஒருவர் நின்றிருந்தார். என் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த வருடத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி வருடத்தைப் பார்த்தார். எதற்கு என்று தெரியவில்லை. நான் பெரியவன் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரும் தோற்றம் எனக்கு இல்லை. பொறுப்பைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. மணிக்கட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டிவிட்டார். மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு ஒட்டுவது போல. யாருக்குச் சொந்தம் என்று மாறிவிடக் கூடாதாம்.

உள்ளே நடந்தால் போடி மாடியின் மூன்று மெஷினில் ஒன்று எனக்காகக் காத்திருந்தது. அதே மஞ்சள் பொத்தான், அதே கப்பல். இளவட்டங்கள் அதைச் சுற்றி நின்று, தொல்பொருள் ஆராய்ச்சிக்காரர்கள் பானை ஓட்டைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாலிபத்தை இங்கே பழம்பொருளாக்கி, கையில் பியரும் கொடுக்கிறார்கள். நான் எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டு ஆடிப் பார்த்தேன். இரண்டாம் கட்டத்தில் செத்துப்போனேன். போடியிலும் அப்படித்தான், ஆனால் அங்கே கரண்ட் போய்விடும். நான் எங்கே மூன்றாம் கட்டத்துக்குப் போயிருப்பேனோ என்ற மரியாதை எல்லோருக்கும் மிஞ்சியது. இங்கே கரண்ட் போவதே இல்லை.

ஆறு மணிக்கு ஈரச் சாக்ஸ் மேடையேறியது. கூட்டம் என்றால் முப்பது பேர் இருக்கலாம். அதில் பாதிப் பேர் மெஷின்களைப் பார்த்து நின்றார்கள், மீதிப் பாதி ஒருவரையொருவர். அகிலா தலையைக் குனிந்து, முடி முகத்தில் விழ, தன் விரல்களை மட்டும் பார்த்து வாசித்தாள். சுவர் வழியாகக் கேட்டுக்கேட்டு எனக்குப் பாடமாகியிருந்த அந்த உறுமலுக்கு மேலே ஒரு முழுப் பாட்டு இருந்திருக்கிறது. இத்தனை மாதமாக நான் கேட்டது ஒரு வீட்டின் அஸ்திவாரத்தை மட்டும்தான் என்று அப்போது தெரிந்தது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் நன்றாக இருந்தது. நான் ஒரு பெற்றோன், என் சாட்சி செல்லாது என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

பாட்டு முடிந்தது. இரண்டு பேர் கைதட்டினார்கள். ஒருவர் நான். இரண்டாவது பாட்டும் முடிந்தது. நான் மட்டும்.

4

எங்கள் பக்கத்தில் கச்சேரிக்கு ஒரு முறை உண்டு. இரண்டாவது பாட்டு முடிந்து மூன்றாவது ஆரம்பிப்பதற்குள் விழாக் கமிட்டியிலிருந்து ஆள் மேடையேறித் துண்டு போர்த்துவார்கள். மூன்றாவது பாட்டைத் தாண்டவிட்டால், யார் போர்த்துவது என்று கமிட்டிக்குள் சண்டை வந்துவிடும். அந்தத் துண்டு பாராட்டுக்கூட இல்லை. ‘நீங்கள் வாசிப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்’ என்று சொல்கிற ஒரு ரசீது. வெறும் தோளோடு ஒரு கலைஞன் நான்காவது பாட்டுக்குப் போனால், அந்த ஊர் அவனைக் கைகழுவிவிட்டது என்று அர்த்தம்.

ராசிங்காபுரத்தில் ஒரு முறை, பாடகருக்கு மட்டும் போர்த்திவிட்டுக் கமிட்டித் தலைவர் இறங்கிவிட்டார். சேது குச்சியை மடியில் வைத்துவிட்டான். அடுத்த பாட்டு டிரம்ஸ் இல்லாமல், சக்கரம் கழன்ற ஜீப்பு மாதிரி இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் தலைவர் தன் தோளில் கிடந்ததையே எடுத்துக்கொண்டு வந்து போட்டார். அப்புறம்தான் குச்சி எழுந்தது.

இதையெல்லாம் நான் அந்த பாரில் நின்று யோசித்துப் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். நான் ஒன்றையும் யோசிக்கவில்லை. இரண்டாவது பாட்டு முடிந்தது. என் மகளின் தோள் வெறுமையாக இருந்தது. என் கால் நடந்தது. மேடையில் நின்றபோது என் கழுத்திலிருந்த மஃப்ளர் என் கையில் இருந்தது. அதை அவள் தோளில் போர்த்தினேன்.

மஃப்ளரின் நுனி கிட்டாரின் முறுக்காணியில் மாட்டி இழுபட்டது. ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து ஒரு வீறிடல். மெஷினைப் பார்த்து நின்ற பாதியும் ஒருவரையொருவர் பார்த்து நின்ற பாதியும் திரும்பின. அன்று மாலை முழுவதும் கிடைக்காத அமைதி.

அகிலாவின் முகத்தைப் பார்த்தேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் வெட்கத்தில் சிவப்பார்கள், எங்கள் பிள்ளைகள் ஒரு மாதிரி சாம்பலாகிவிடுவார்கள். நான் இறங்கத் திரும்பினேன். அவள் குரல் மைக்கில் கேட்டது. முப்பது ஆங்கிலேயர் நடுவே, தமிழில்.

“அப்பா. மத்த மூணு பேருக்கு?”

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. ரெண்டு வருடத்துக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது சேதுவின் கச்சேரி ஒன்றில் மேடையோரம் உட்கார்ந்திருந்தாள். அவன் மேடையில் இருக்கிற தலைகளை எண்ணித் துண்டு எடுத்து வைத்தான். மைக்செட் போடுகிறவருக்குமா என்று இவள் கேட்டதற்கு, “வெறுந்தோளோட ஒருத்தன் எறங்கக்கூடாது, ஆத்தா” என்றான். அவள் அதைக் கேட்ட மாதிரியே அன்று காட்டிக்கொள்ளவில்லை. ஹெட்போன் மாட்டியிருந்தாள் என்றே நினைத்திருந்தேன்.

டிரம்ஸ் பெண்ணுக்கு என் கோட்டு. கிட்டார் பையனுக்கு ஸ்வெட்டர். பாடும் பெண்ணுக்குக் கொடுக்க மிச்சம் இருந்தது கம்பளிக் குல்லாய், அதைத் தலையில் வைத்தேன். சேது ஒத்துக்கொண்டிருக்க மாட்டான், ஆனால் சட்டையையும் கழற்றினால் பொறுப்புள்ள பெரியவர் என்ற பதவி போய்விடும். கூட்டம் விசிலடித்தது. கைதட்டியது. இன்னும் என்று கத்தியது. சட்டைக் கையோடு மெஷின் பக்கம் போய் நின்றேன். மிச்சம் மூன்று பாட்டுக்கும் நல்ல வரவேற்பு.

5

எட்டு மணிக்கு விதிப்படி எல்லோரையும் வெளியே கொண்டுவந்தேன். நவம்பர். அந்த மூவரும் என்னைக் கட்டிக்கொள்ளாத குறையாகப் பேசினார்கள். எதிரே சிப்ஸ் கடைக்குப் போகலாம் என்றார்கள். அகிலா மட்டும் ஒரு நிமிடம் பின்தங்கினாள்.

அகிலாவின் தமிழ், நாங்கள் விமானம் ஏறிய வருடத்துப் போடித் தமிழ். அதற்குப் பிறகு ஊரில் வந்த எந்த மாற்றமும் அதில் சேரவில்லை. கோபத்தில் அது இன்னும் சுத்தமாகிவிடும்.

“அவங்க பாட்டுக்குக் கை தட்டலப்பா. உங்க ஸ்வெட்டருக்குத் தட்டுனாங்க.”

“தெரியும்.”

“ஆறு மாசமா பாடம் பண்ணுன பாட்டு.”

அவள் சாலையைக் கடந்து போனாள். கண்ணாடி வழியாக நான்கு பேரும் தெரிந்தார்கள், என் கோட்டு, என் ஸ்வெட்டர், என் குல்லாய். கேட்டு வாங்கியிருக்கலாம். போர்த்தியதைத் திரும்பக் கேட்கிற ஆளை எங்கள் பக்கத்தில் அப்புறம் யாரும் கமிட்டியில் சேர்ப்பதில்லை. சட்டையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்மணி என் மணிக்கட்டின் ஆரஞ்சுப் பட்டையைப் பார்த்துவிட்டு, எந்த வார்டு, யாரைக் கூப்பிடட்டும் என்று அன்பாகக் கேட்டார். பல்லெல்லாம் தந்தியடித்ததில் என்னால் சரியாக மறுக்கக்கூட முடியவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் சுவர் வழியாக ஒரே சுரம்தான் கேட்டது. துணிகள் ஒவ்வொன்றாகத் துவைத்து மடித்து வாசலில் வந்து சேர்ந்தன. மஃப்ளர் வரவில்லை, நானும் கேட்கவில்லை. பிறந்தநாள் வந்தது. கேக் வெட்டி, ஜெயந்திக்கு ஒரு துண்டு, எனக்கு ஒரு துண்டு, கதவு.

நகராட்சியில் எனக்கு வேலை, வடிகால் வரைபடப் பிரிவில். நகரத்துக்கு அடியில் எது எங்கே போகிறது என்று கேட்டால் சொல்லிவிடுவேன். என் வீட்டு மாடியில் என்ன நடக்கிறது என்று கேட்டால் தெரியாது. பக்கத்து மேசைக்காரரிடம் இதை ஒரு நாள் நகைச்சுவையாகச் சொன்னேன். அவர் சிரிக்காமல், எனக்கும் அப்படித்தான் என்றார். இருவரும் திரும்பிக் கணினியைப் பார்த்தோம்.

6

ஜனவரியில் அவர்களுக்கு அதே பாரில் இன்னொரு நிகழ்ச்சி. நால்வருக்கும் பதினெட்டு ஆகிவிட்டதால் இந்த முறை எட்டு மணிக்கு. ஜெயந்திதான் சொன்னாள். அகிலா என்னை வரச் சொல்லவில்லை. வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சொல்லாத விசேஷத்துக்குப் போகிற பழக்கம் எங்கள் வகையறாவில் கிடையாது. வீட்டுக்கு வந்து சொல்லவில்லை, போனில்தான் சொன்னார்கள் என்பதற்காகவே சொந்த அத்தை மகன் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தவர் என் அப்பா. நான் அந்த ரத்தம். சேதுவைக் கூப்பிட்டேன். அங்கே காலை, பின்னால் ஜீப்பு உறுமிக்கொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் கேட்டான். மஃப்ளர் இடத்தில் சிரித்தான். ஸ்வெட்டர் இடத்தில் இன்னும் சிரித்தான். கைதட்டல் இடத்தில் சிரிக்கவில்லை. அது வலிக்கும்டா என்றான், அவனும் மேடையில் இருக்கிறவன்.

கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போறது என்று கேட்டேன்.

“சாப்பாட்டுக்குத்தான் மாப்ளே கூப்புட்டுப் போகணும். பாட்டுக்கு எவன் கூப்புட்டு வந்தான்? தேவாரத்துல யானைய நம்ம கூப்புட்டமா? அது பாட்டுக்கு வந்துச்சு, ஓரமா நின்னுச்சு, கேட்டுச்சு. நீயும் ஓரமா நில்லு. மேடைல மட்டும் ஏறித் தொலைக்காத. வைக்கிறேன், மேல போகணும், ஆளு ஏறிருச்சு.”

போனேன். வாசலில் அதே மலை. யாருக்காவது பொறுப்பாக வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, பாட்டுக் கேட்க வந்தேன் என்றேன். இந்த முறை பட்டை கிடையாது, எல்லோருக்கும் போல புறங்கையில் ஒரு முத்திரை. நீல மையில் ஒரு காளான்.

மெஷின்களுக்குப் பின்னால், தூணோரம் நின்றேன். ஈரச் சாக்ஸ் முன்பைவிட நன்றாக வாசித்தது. மெஷினைப் பார்த்து நின்றவர்களில் சிலர், யாரும் எதையும் கழற்றாமலே திரும்பினார்கள். ஒரு பாட்டின் நடுவில் அகிலா தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தாள். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். கைதட்டினார்கள், பாட்டுக்குத்தான். நானும் தட்டினேன், கூட்டத்தில் ஒருவனாக. எங்கள் பகுதிக்குக் கடைசி பஸ் ஒன்பதேகாலுக்கு. இன்னும் ஒரு பாட்டுத்தான் என்று பாடும் பெண் மைக்கில் சொன்னபோது நான் கதவைத் தாண்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். அவள் எப்போது வந்தாள் என்று தெரியாது.

மறுநாள் ஞாயிறு. அபூர்வமாக மூன்று பேரும் ஒரே மேசையில். அகிலா மடிக்கணினியை மூடி வைத்துவிட்டுச் சாப்பிட்டாள், அதுவும் அபூர்வம். சோற்றுப் பாத்திரத்தைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தும் போகாத நீலக் காளான்.

என்னிடம் தயாராக ஒரு நகைச்சுவை இருந்தது. சொல்லவில்லை.

பாத்திரத்தை வாங்கிச் சோறு போட்டுக்கொண்டாள். “கடைசிப் பாட்டுக்கு இருந்தீங்களா?”

“பஸ்சு போயிரும்னு…”

கொஞ்ச நேரம் பிசைந்தாள். ஜெயந்தி குழம்பை ஊற்றிவிட்டு, வேறு எங்கோ பார்ப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

“அது போடியப் பத்துன பாட்டு” என்றாள் அகிலா.

என் தட்டில் இருந்ததையே நான் பார்த்தேன். போடியில் அவள் மொத்தமாக இருந்தது மூன்று கோடை விடுமுறைகள். அதில் பாட்டு எழுத என்ன கண்டாள், ஜீப்பா, வெயிலா, ஏலக்காய் வாசனையா, கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அது பாட்டில் இருந்தது. நான் அந்நேரம் பஸ்ஸில் இருந்தேன்.

“உங்க பஸ்சு எத்தன மணிக்கு?”

“ஒம்பதேகால்.”

விரலால் மேசையில் ஏதோ தாளம் எண்ணினாள். “மொதப் பாட்டுக்குக் கூட்டம் சேந்திருக்காது” என்றாள். “அடுத்த மாசம் அத ரெண்டாவதாப் போட்டுர்றோம்.”